ஆச்சா என்று கேட்டவர் தோற்றவர்

ஹல்துமுல்லை
2024 செப்டெம்பர் 4

அன்புள்ள அழகர் அவர்களுக்கு,

இடுப்பு முன்போலவே இருக்கிறது. பஸ் படியில் ஏற இன்னும் முடியவில்லை. காதும் முன்போலவே. இல்லாவிட்டால் போனில் பேசியிருப்பேன். போனில் நீங்கள் சொல்வது எனக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கிறது. நானும் "நல்லது, நல்லது" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். சென்ற முறை உங்கள் ஆடு செத்துப்போனதற்கும் அப்படித்தான் சொல்லிவைத்தேன். ஆகவே இதைக் கண்டக்டர் ஸலீமிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம், காயைத் தாண்டி வெட்டும் நமது தாம் ஆட்டத்தைப் பற்றியது. அதற்கு முன், இதை உங்களுக்கு வாசித்துக் காட்டப்போகும் மருமகள் சிவசக்திக்கு ஒன்றை விளக்க வேண்டும். அம்மா, உன் மாமனார் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிய காலத்தில், நான் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் லொறி நிற்கும்போது, அதன் பின்பலகையில் சோக்கட்டியால் கட்டம் கீறி, சோடா மூடிகளை வைத்து ஆடுவோம். கங்காணிமார் நாள் முழுவதும் எல்லோரையும் "ஆச்சா, ஆச்சா" என்று விரட்டுவார்கள். அதனால் பலகைக்கு முன் ஒரு சட்டம் வைத்தோம். ஒருவர் யோசிக்கும்போது மற்றவர் அவசரப்படுத்தக் கூடாது. அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டவர் அந்த நொடியே தோற்றவர். (மேலே எழுதியது கங்காணிமார் வாய்ச்சொல். நான் கேட்டதாகக் கொள்ள வேண்டாம்.)

அழகர், உங்கள் கண் போன பிறகு நாம் போனில் உள்ள விளையாட்டில் ஆடத் தொடங்கியும் அந்தச் சட்டத்தை விடவில்லை. ஒரு காய்க்கு இரண்டு நாள் எடுத்திருக்கிறோம். இப்போது என் திரையில் "அழகர் ஆட்டத்தைவிட்டு வெளியேறினார்" என்று வருகிறது. ஒருமுறை என்றால் கை பட்டிருக்கும் என்று விட்டிருப்பேன். புதிதாகத் தொடங்கினேன், மறுபடியும் வெளியேறினீர்கள். மூன்றாம் முறையும் அப்படியே.

நான் எதையும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தில் கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை என்பதைச் சிவசக்தி பார்த்துச் சொல்லலாம். ஆனால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. கடைசியாக முடிந்த ஆட்டத்தில் மறுமுனை சேர்ந்து ராஜாவான என் காயை நடுக்கட்டத்துக்குக் கொண்டுவந்தேன், நீங்கள் வெட்டி ஜெயித்தீர்கள். அதில் உங்களுக்கு ஏதும் மனவருத்தம் இருக்கலாம் என்று தோன்றுகிறது. இல்லாமலும் இருக்கலாம். நான் எதையும் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடியவன் என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
யேசுரத்தினம்


கொஸ்லந்த
9.9.2024

கிளாக்கரய்யாவுக்கு அழகர் சொல்லச் சொல்ல சிவசக்தி எழுதுறது.

நான் எங்க போனேன்? வெளிய போனேன்னு எவன் சொன்னது? வீட்டுக்கு வெளியவே மருமக கையப் புடிச்சுத்தான் போறேன், இதுல ஆட்டத்த விட்டு வேற போயிட்டேனாக்கும்.

நீங்க குடுத்த அந்த வெளாட்டு, நான் நம்பரச் சொன்னா காய வெக்கும், நீங்க வெச்சா "பதினெட்டுக்கு வந்தார்"னு சொல்லும். அது வாய மூடிருச்சுங்க. ஒரு நாள் காலைல போனு தானாவே என்னமோ புதுசா எறக்கிக்கிச்சாம். அதுல இருந்து பேச்சு மூச்சு இல்ல. நான் என்ன நெனச்சேன்? கிளாக்கரு யோசிக்கிறாரு. எப்பவும் மெதுவாத்தான் வைப்பாரு. யோசிக்கட்டும், நம்ம வாயக் குடுத்துத் தோக்க வேணாம்னு போன மடியில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். கை மரத்துப் போச்சு.

அப்புறம் வேற மாதிரி தோணிச்சு. குருடனோட ஆடி மனுசனுக்குச் சலிச்சுப் போச்சு, நேராச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு பேச்ச நிப்பாட்டிட்டாருன்னு நெனச்சேன். போட்டுக் குடுத்தது நீங்கதானே. நிப்பாட்டவும் உங்களுக்குத்தானே தெரியும். எழுதும்மா, அதையும் எழுது. எதுக்கு முழிக்கிற?

(ஐயா, நான் முழிக்கல. பேரு போடுற பெரட்டுக்கு நிக்கணும்னு விடியக் காலைல ஓடுறேன், கொழுந்து எடுத்துட்டு வந்து பாக்குறப்ப மாமா போன வெச்சுக்கிட்டு சும்மா இருக்காங்க. தொறந்து பாத்தேன். கட்டம் இருக்கு, காய் இருக்கு, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. மேல ஒரு மூலையில சின்னதா ஒரு கடிகாரம் ஓடுது. அது முந்தி இல்ல. - சிவசக்தி)

ராஜா விசயத்த நீங்களே எடுத்துட்டீங்க. அத நான் மறக்கல. அத அப்புறம் பேசுவோம்.

அழகர்


ஹல்துமுல்லை
2024 செப்டெம்பர் 14

அன்புள்ள அழகர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். நீங்கள் காத்திருந்தீர்கள், நானும் காத்திருந்தேன். இருவருமே சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அந்த விளையாட்டு பேசுவதை நிறுத்தியது எனக்குத் தெரியவில்லை. அது பேசியபோதும் எனக்குக் கேட்டதில்லை. என் போனில் எதுவும் மாறவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது பக்கத்து வீட்டு கிருஷாந்தியின் காதில் வைத்துக் காட்டினேன். "ஒண்ணும் கேக்கல தாத்தா"  என்று கையை விரித்துக் காட்டினாள்.

பிறகு அதைச் செய்தவர்களின் இணையப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். இதை யாரும் விற்பதில்லை. பல நாடுகளில் இருப்பவர்கள் சம்பளமில்லாமல் இதன் நிரலை எழுதுகிறார்கள். எழுதியதை மறைக்காமல் திறந்து வைத்திருக்கிறார்கள். யாரும் பார்க்கலாம், குறை சொல்லலாம், திருத்தியும் அனுப்பலாம். புதிதாக எதை மாற்றினோம் என்றும் அங்கே எழுதியிருக்கிறார்கள். அதில் இரண்டு வரி. குரல் இனிமேல் தானாகப் பேசாது, வேண்டியவர் திறந்துகொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்தில் காய் வைக்காதவர் வெளியேறியதாகக் கொள்ளப்படுவார், வேண்டாதவர் அதை நிறுத்திக்கொள்ள வேண்டும். யாரும் எதையும் தொடாவிட்டால் அது எப்படி இருக்குமோ, அதை டிஃபால்ட் என்கிறார்கள். அந்த டிஃபால்ட்டை மாற்றிவிட்டார்கள். பஸ்ஸில் ஆடுகிறவர்கள் சத்தம் தொல்லையாக இருக்கிறது என்றார்களாம்.

நீங்கள் வெளியேறவில்லை. நீங்கள் பேசாமல் இருந்ததை இயந்திரம் அப்படி எடுத்துக்கொண்டது.

அடுத்ததுதான் எனக்கு விளங்கவில்லை. குரலைத் திறக்கும் இடம் நான்கு பக்கம் உள்ளே இருக்கிறது. அங்கே போகும் வழியில் எதுவும் பேசுவதில்லை. கண் தெரியாதவர் குரலைத் திறக்க வேண்டுமானால் அவருக்கு முதலில் கண் தெரிய வேண்டும். நான்தான் பிழையாக வாசித்தேன் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போய்ப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. இவ்வளவு கெட்டிக்காரர்களுக்கு இது தோன்றாமல் இருக்குமா என்று எண்ணி, (இது அவர்களைப் பற்றிய ஐயம், உங்களிடம் கேட்டதல்ல, அதனால்தான் குறி போடவில்லை) அவர்களுக்கு ஆங்கிலத்தில் பணிவாக ஒரு குறிப்பு எழுதிப் போட்டேன்.

சிவசக்தி, செட்டிங்கில் "பார்வை உதவி" என்று இருக்கும். அதைத் திறந்துவிடு. கடிகாரத்தை நிறுத்திவிடு. இரண்டுக்கும் படம் கீறி இத்துடன் வைத்திருக்கிறேன்.

யேசுரத்தினம்


கொஸ்லந்த
23.9.2024

கிளாக்கரே,

ஐயான்னு போட மாட்டேன். கோவமா இருக்கேன்.

பேச்சு வந்துருச்சு. மருமக நீங்க சொன்ன மாதிரியே போட்டுக் குடுத்துச்சு. ரெண்டு ஆட்டத்துல உங்களச் சுருட்டிட்டேன். சந்தோசமா இருந்திருக்கணும். இல்ல.

முந்தி நீங்க வெச்சது எங்க, நான் வெச்சது எங்க, அத மட்டும் சொல்லிட்டு சும்மா இருக்கும். இப்ப நான் ஒரு நம்பரச் சொல்ல வாயத் தொறக்குறேன், "கவனம். இங்கு வைத்தால் இரண்டு காய்களை இழப்பீர்கள். பதினைந்து நல்லது"ங்குது. நான் கேட்டனா? என்னமோ பிள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரி. சும்மா இருன்னு வஞ்சேன். அதுக்கு, "புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்"ங்குது.

(மாமா சொன்ன வார்த்தைய நான் எழுத மாட்டேன் ஐயா. - சிவசக்தி)

கண்ணுதான போச்சு. புத்தி போகலயே. இருட்டுல அந்தக் கட்டம் அம்புட்டும் என் தலைக்குள்ள வெளிச்சமா இருக்கு. எனக்குன்னு இருக்குறது அது ஒண்ணுதான். அதுக்குள்ளயும் எவனோ வந்து கையப் புடிச்சு இழுக்குறான்.

நீங்க அவங்களுக்கு எழுதினேன்னு சொன்னீங்க. என்ன எழுதினீங்க? குருட்டு ஆளு ஒருத்தன் இருக்கான், பாத்து விட்டுக்குடுங்கன்னா? ராஜாவ நடுவுல கொண்டாந்து வெச்சீங்களே, அது என்ன? பிச்சையா? முப்பது வருசமா நீங்க அப்படி வெச்சு நான் பாத்ததில்ல. கண்ணு இருந்தப்ப விடல, இப்ப எதுக்கு விடுறீங்க?

இதுக்கு நேரா பதில் வரணும். வராம நான் இனி காய் வெக்கப் போறதில்ல. அந்த வெளாட்ட அழிச்சிறச் சொல்லிட்டேன்.

அழகர்

(நான் அழிக்கல ஐயா. மாமாவுக்குச் சொல்லாதீங்க. ஆனா உங்க பதில வாசிச்சுக் காட்டப் போறதும் நான்தான், அதனால நீங்க எழுதினாலும் தாண்டி வாசிச்சிருவேன்.)


ஹல்துமுல்லை
2024 அக்டோபர் 2

அன்புள்ள அழகர் அவர்களுக்கு,

நேராகப் பதில் கேட்டீர்கள். நான் எழுதிக் கிழித்ததில் எழுதுதாளே தீர்ந்துபோனது. எந்தத் தாளிலும் நேரான பதில் இல்லை. இதிலும் இருக்காது.

எளிதானதை முதலில் சொல்கிறேன். யோசனை சொல்லும் அந்தக் குரலை நான் கேட்டு வாங்கவில்லை. "பார்வை உதவி" என்பதைத் திறந்தால் யோசனையும் சேர்ந்தே திறக்கும்படி அவர்கள் வைத்திருக்கிறார்கள். கண் தெரியாதவருக்கு ஆட்டமும் கடினமாக இருக்கும் என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் குரல் கேட்காததால் எனக்கு அதுவும் தெரியவில்லை. உங்களுக்கு உதவி செய்ய நினைக்கும்போதெல்லாம் நான் ஒரு சுவரில் போய் முட்டுகிறேன்.

கடினமானது ராஜா. அன்று அதை ஏன் அங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்ததாக நினைவில்லை. கவனக்குறைவு என்றும் சத்தியம் செய்ய முடியவில்லை. அதற்கு முந்தைய நான்கு ஆட்டத்தில் நீங்கள் தோற்றிருந்தீர்கள். தோற்றுக்கொண்டே இருந்தால் ஒருநாள் போதும் என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயம் எனக்கு இருந்தது. எனக்கும் இந்த வீட்டில் வேறு ஆட்டம் இல்லை. பயம் என் விரலை நகர்த்தியிருக்கலாம். இது உங்களுக்குப் பதிலாகுமோ தெரியாது. இதைவிடத் துல்லியமாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

அவர்களிடமிருந்து பதில் வந்தது. எழுதியவர் நோர்வேயில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாராம். தன் பிள்ளை தூங்கிய பிறகு இந்த வேலையைச் செய்கிறாராம். கோபப்படவில்லை. குரலை வைத்து ஆடுகிறவர்கள் யாரும் இதுவரை தங்களுக்கு எழுதவில்லை, அதனால் ஊகித்து வைத்தோம் என்கிறார். உங்கள் நண்பர் என்ன விரும்புகிறார் என்று கேட்கிறார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் இவ்வளவு நாள் ஊகித்துத்தான் வைத்திருக்கிறேன். நீங்களே சொல்லுங்கள். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறேன்.

யேசுரத்தினம்


கொஸ்லந்த
10.10.2024

கிளாக்கரய்யாவுக்கு,

தெரியலன்னு எழுதியிருக்கீங்க. அது பதிலான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். விட்டுக்குடுக்கலன்னு எழுதியிருந்தீங்கன்னா பொய்யின்னு இந்தத் தாளக் கிழிச்சிருப்பேன். பரவால்ல.

அந்த நோர்வேக்காரருக்கு இப்படி எழுதுங்க.

ஐயா, நான் அழகர். கொழுந்து லொறி ஓட்டினவன். சீனி வியாதியில ரெண்டு கண்ணும் போச்சு. நீங்க பேச்ச மொதல்லயே போட்டு வைங்க. தொல்லன்னு நெனைக்கிறவன் நிப்பாட்டிக்கட்டும், அவனுக்குத்தான் கண்ணு தெரியுதே, எங்க இருக்குன்னு பாத்து நிப்பாட்டுவான். நான் எங்க போயித் தேடுறது? அடுத்தது, நான் கேக்காம எனக்கு யோசன சொல்லாதீங்க. தோத்தா தோத்துட்டுப் போறேன். என் தோல்விய நீங்க எடுத்துக்காதீங்க. மூணாவது அந்தக் கடிகாரம். ஒரு மனுசன் பேசாம இருந்தா போயிட்டான்னு எழுதாதீங்க. யோசிச்சுக்கிட்டு இருப்பான். அவ்வளவுதான். உங்க பிள்ளை நல்லா இருக்கட்டும்.

(இத எழுதினப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு ஐயா.)

நீ எதுக்கும்மா மூக்க உறிஞ்சுற? எழுது. கிளாக்கரே, ஒண்ணு சொல்லிப்புடுறேன். அவங்க சரி பண்ணினதும் புது ஆட்டம். இந்த வாட்டி விரல் நகந்துச்சு, காத்து அடிச்சுச்சுன்னு கத சொன்னீங்கன்னா, உங்க இடுப்பு இருக்குற நெலமையையும் பாக்க மாட்டேன், வந்து வெரட்டுவேன்.

அழகர்


ஹல்துமுல்லை
2024 நவம்பர் 12

அன்புள்ள அழகர் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட மூன்றில் இரண்டு கிடைத்திருக்கிறது. முதன்முதலாகத் திறக்கும்போது, குரல் வேண்டுமா வேண்டாமா என்று குரலிலேயே கேட்கும். யோசனை தனியாகிவிட்டது, அழைத்தால்தான் வரும். கடிகாரத்தை மட்டும் எடுக்கவில்லை. பெரும்பாலானவர்கள் காத்திருக்க விரும்பவில்லையாம். அதை நாமே நிறுத்திக்கொள்ள வேண்டும், நிறுத்திவிட்டோம். மாற்றக் குறிப்பில் "கொஸ்லந்த அழகர் சொன்னபடி" என்று உங்கள் பெயரைப் போட்டிருக்கிறார்கள். ஊரை மட்டும் இந்தியாவில் இருப்பதாக எழுதிவிட்டார்கள். திருத்தச் சொல்லியிருக்கிறேன்.

ஆட்டம் பற்றி. எனக்கு இரண்டு ராஜா, உங்களுக்கு ஒன்று. என்றாலும் என் கணக்கில் எங்கோ பிழை இருக்கும் என்றே தோன்றுகிறது. நேற்று உங்கள் மூன்று காய்களைச் சேர்த்து வெட்டினேன். மன்னிக்க வேண்டும் என்று எழுதத் தோன்றுகிறது. எழுதினால் வைவீர்கள் என்பதால் எழுதவில்லை.

இங்கே மழை பிடித்துவிட்டது. இப்போது உங்கள் முறை. அவசரம் எதுவும் இல்லை.

யேசுரத்தினம்


ஹல்துமுல்லை
2024 நவம்பர் 28

அழகர்,

மழை விடவில்லை. உங்கள் பக்கத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை கொடுத்திருப்பதாக ரேடியோவில் சொன்னதைக் கிருஷாந்தி எழுதிக் காட்டினாள். சிக்னல் போய்விட்டது. சிவசக்தியின் நம்பருக்கும் அழைக்கச் சொன்னேன், போகவில்லை.

போனைத் திறந்தால், முந்தாநாள் நான் வைத்த காயோடு கட்டம் அப்படியே நிற்கிறது. "அழகரின் முறை" என்று மட்டும் காட்டுகிறது. கடிகாரம் இருந்திருந்தால் இதற்குள் வெளியேறினார் என்று ஏதாவது சொல்லியிருக்கும். நாமே அதை நிறுத்தினோம். யோசித்துக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பத்து வருடத்துக்கு முன் உங்கள் பக்கத்து மீரியபெத்தவில் மலை சரிந்து மண் வந்த அன்றும், லொறி எடுக்கப் போயிருப்பீர்கள் என்று மாலைவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று நல்லவேளையாக அப்படியே இருந்தது. ஒவ்வொரு முறையும் அப்படி இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பஸ் பெரகலை வரைதான் போகிறதாம். அதற்கு மேல் நடந்து போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுவதாக ஸலீம் சொல்கிறார். என் பக்கம் இரண்டு ராஜா இருக்கிறது, நீங்கள் தப்ப வழியில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஆச்சா?

யேசுரத்தினம்


கொஸ்லந்த, பள்ளிக்கூடம்
1.12.2024

கிளாக்கரய்யாவுக்கு,

கேட்டுட்டீங்க. தோத்துட்டீங்க.

(ஐயா, நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். வீட்டுக்குப் பின்னாடி மேடு வெடிச்சிருக்குன்னு எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. சார்ஜ் இல்ல, சிக்னல் இல்ல. தாளும் இல்ல, அதனால உங்க கடுதாசிக்குப் பின்னாடியே எழுதுறேன். உங்க கடைசி வார்த்தைய வாசிச்சதும் மாமா இன்னொருக்க வாசின்னாங்க. அப்புறம் இன்னொருக்க. பக்கத்துப் பாயில இருக்கவங்களக் கூப்பிட்டு, "கிளாக்கரு தோத்துட்டாரு, கேட்டுக்கங்க"ன்னு சொல்லி அவங்களுக்கும் வாசிக்க வெச்சாங்க. எதுக்குச் சிரிக்கிறாருன்னு அவங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. அப்புறம் மாமா சுவத்துப் பக்கம் திரும்பி உக்காந்துட்டாங்க.)

என்னம்மா அம்புட்டு நேரமா எழுதுற? நான் ஒரு வரிதான் சொன்னேன். கிளாக்கரே, போன் செத்துப் போச்சு, ஆனா கட்டம் என் தலைக்குள்ள இருக்கு. மூணு நாளா பாத்துட்டேன். எங்க வெச்சாலும் நான் செத்தேன். நல்லாத்தான் ஆடியிருக்கீங்க. கையில இருந்த ஆட்டத்த இப்படி ஒரு வார்த்தையில விட்டுட்டீங்களே. இத நான் பிச்சையின்னு சொல்ல மாட்டேன். ஜெயிச்சதாவே எடுத்துக்கிறேன்.

ஜெயிச்சவனுக்குத்தான் மொத காய். சிக்னல் வர்ற வரைக்கும் நான் காத்திருக்கப் போறதில்ல, தாள்லயே ஆடுவோம். பதினொண்ணுல இருந்து பதினஞ்சுக்கு வெச்சிருக்கேன்.

மெதுவா யோசிங்க. நான் இங்கதான் இருக்கேன்.

அழகர்